உப்புத் தண்ணீர் இரண்டு கிழமைக்கு, அதற்கு மேல் வைத்தியசாலைக்கு

(தெமட்டகொடையில் நடைபெற்ற, கொழும்பில் தொழில் செய்யும் தோட்டக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை. மலையகத்தில் உள்ள அங்கத்தவர்களின் பயன் கருதி இங்கே தரப்படுகிறது.)



சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று பேசுவதற்குத்தான் எங்கள் சங்கம் வழக்கமாகக் கூட்டம் கூட்டும். இன்றைக்கு வாயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது சிலர் சிரித்தீர்கள். "சங்கக்காரனுக்கு வாய்தானே மூலதனம்" என்று பின்னால் இருந்து ஒருவர் சொன்னதும் கேட்டது. சரிதான். ஆனால் இந்த வாய்க்கும் சம்பளத்துக்கும் உள்ள தொடர்பைக் கேட்டு முடித்த பிறகு, இதுவும் சங்கத்து விடயம்தான் என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நாங்கள் தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள். பின்னேரத்தில் லயங்களுக்குப் போய் சந்தாவும் குறையும் கேட்கிறவர்கள். எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு வீட்டிலாவது "வாய் வேகுது சேர்", "நாக்கில புண்", "சம்பல் தொட முடியல்ல" என்று சொல்கிறார்கள். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "உப்புத் தண்ணி கொப்பளிக்கிறேன்." எத்தனை நாளாக என்று கேட்டால்தான் எங்களுக்குப் பயம் வருகிறது. ஒருவர் நாலு நாள் என்பார். இன்னொருவர் தீபாவளியில் இருந்து என்பார்.

இந்த இரண்டு பதிலுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் உப்புத் தண்ணீர். அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அது நல்ல மருந்து. உப்பின் அருமை மலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மழைக் காலத்தில் அட்டைக்குப் பயந்து உப்பையும் சவர்க்காரத்தையும் காலில் தேய்த்துக்கொண்டு மலைக்கு ஏறியவர்கள் நாம். வாய்ப் புண்ணுக்கும், ஈறு வீக்கத்துக்கும், தொண்டைக் கரகரப்புக்கும் பாட்டி சொன்ன உப்புத் தண்ணீரைப் பல் வைத்தியர்களும் சொல்கிறார்கள். பல் பிடுங்கிய பிறகும் அதைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். மஹரகமவில் கதிரியக்கச் சிகிச்சை பெறுகிறவர்களைப் போல, சிகிச்சையால் வாய் முழுக்கப் புண்ணாகிப் போனவர்களுக்கும் உப்பும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரால் கொப்பளிப்பது உலகம் எங்கும் சொல்லப்படும் ஒரு முறை.

அது என்ன செய்கிறது? வாயில் ஒட்டிக் கிடக்கும் சோற்றுத் துணுக்கையும் சளியையும் கழுவுகிறது. வீங்கிய இடத்தில் இருக்கும் நீரைக் கொஞ்சம் இழுத்து வீக்கத்தைத் தணிக்கிறது. வாயின் புளிப்புத் தன்மையைக் கொஞ்ச நேரம் குறைப்பதால் கிருமிகளுக்கு வசதி குறைகிறது. புண் சுத்தமாக இருந்தால் உடம்பு தானே அதை ஆற்றிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் செய்வது அந்த உதவி மட்டும்தான்.

ஆனால் அதற்கும் அளவு உண்டு. ஒரு கிளாஸ் தண்ணீர், அதாவது ஏறக்குறைய 250 மில்லிலீட்டர். அதற்கு அரைத் தேக்கரண்டி உப்பு. கொதித்து ஆறிய, இளஞ்சூடான தண்ணீர். இந்த அளவில் கலந்தால் உப்பு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் வரும். எமது இரத்தத்திலும் கண்ணீரிலும் உள்ள உப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான், நூற்றுக்கு 0.9. அதனால்தான் அந்தத் தண்ணீர் புண்ணில் பட்டால் பெரிதாக எரியாது. கடல் நீரில் உப்பு நூற்றுக்கு 3.5 அளவு. "உறைப்பாக இருந்தால்தான் கேட்கும்" என்று கைப்பிடி உப்பைப் போட்டுக் கொப்பளித்தால், புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலும் வறண்டு எரியும். உப்புக் கல்லைப் புண்ணின் மேல் வைத்து அழுத்துவதும் கூடாது. வெள்ளவத்தைக் கடலில் குளிக்கப் போகிற தம்பிமார், அந்தத் தண்ணீரிலேயே வாயைக் கொப்பளித்து வைத்தியம் பார்க்க வேண்டாம். ஊர்க் கால்வாய்த் தண்ணீரும் அந்தக் கடலுக்குத்தான் போகிறது.

ஒரு வாய் எடுத்து, கன்னத்துக்குக் கன்னம் அரை நிமிடம் அளவு அலசித் துப்ப வேண்டும். கிளாஸ் முடியும் வரை செய்யலாம். சாப்பிட்ட பின்னும் படுக்கப் போகும் முன்னும் என்று ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை போதும். விழுங்கக் கூடாது. முக்கியமாகப் பிரஷர் உள்ளவர்கள் விழுங்கக் கூடாது. துப்பத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பல் பிடுங்கிய அன்றைக்குக் கொப்பளிக்கவே கூடாது. பிடுங்கிய குழியில் உறையும் இரத்தம்தான் அந்த இடத்துக்கு மூடி. கொப்பளித்தால் மூடி கழன்றுவிடும், பிறகு வரும் வலி பல் வலியை விட மோசம். ஒரு நாள் முழுதாகக் கழிந்த பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம்.

அயடீன் கலந்த உப்பா, கல் உப்பா என்று ஒரு அக்கா கேட்டார். எது வீட்டில் இருக்கிறதோ அது போதும். 2025 இல் உப்புக்கே தட்டுப்பாடு வந்து, கடைக்குக் கடை அலைந்தோம். நாலு பக்கமும் கடல் உள்ள நாட்டில் அந்தக் கூத்தையும் பார்த்தோம். அந்த நாட்களில் கூட அரைத் தேக்கரண்டி யாருக்கும் பாரமாக இருந்திருக்காது.

செய்யக் கூடாத வேறு சில வைத்தியங்களும் இருக்கின்றன. பல் வலிக்குத் தலைவலி மாத்திரையை ஈறில் அதக்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பிரின் மாதிரியான மாத்திரை அந்த இடத்துத் தோலைச் சுட்டுவிடும். மாத்திரை விழுங்குவதற்கு, அதக்குவதற்கு இல்லை. கன்னத்துப் புண்ணுக்குச் சுண்ணாம்பு தடவுவதும் அப்படித்தான். கரியும் செங்கல் தூளும் போட்டுப் பல் தேய்த்தால் பல்லின் மேல் பூச்சுத் தேய்ந்து போகும். புளோரைட் உள்ள பற்பசை, மென்மையான பிரஷ், காலையும் இரவும். உப்புத் தண்ணீர் இதற்குப் பதில் ஆகாது. சொத்தைப் பல்லை அது மூடாது. பல்லின் அடியில் சீழ் கட்டி முகம் வீங்கியிருந்தால், காய்ச்சல் இருந்தால், விழுங்க முடியாமல் இருந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

இனி இரண்டாவது விடயம். வாய் ஏன் இப்படி அடிக்கடி புண்ணாகிறது?

சில புண்கள் சாதாரணமானவை. கன்னத்தைக் கடித்திருப்போம். உடைந்த பல் நாக்கில் உரசியிருக்கும். கட்டுப்பல் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். தூக்கம் இல்லாமல், கவலையோடு இருக்கும் நாட்களில் சின்ன வட்டப் புண் வரும். இவை ஒரு கிழமை, பத்து நாளில் ஆறிவிடும். காரணம் பல்லோ கட்டுப்பல்லோ என்றால் அதைச் சரி செய்ய வேண்டும்.

சில புண்கள் இரத்தசோகையின் அறிகுறி. நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், கடைவாய் ஓரம் வெடிக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். எமது பெண்களுக்கு இது அதிகம். இரும்புச் சத்தும் சில விற்றமின்களும் குறைந்தால் வாய்தான் முதலில் சொல்லும். இதில் எமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் பறிக்கும் தேயிலையின் சாயம், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கும். ரொட்டியைக் கடித்துக்கொண்டே பிளேன்ரீ குடிப்பது எமது வழக்கம். அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ தள்ளி வையுங்கள். கீரையோடு தேசிக்காய்ப் புளி சேருங்கள். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை அலுமாரியில் சேர்த்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது காரணம் வெற்றிலை. இதைப் பற்றிப் பேசினால் மூத்தவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

வெற்றிலை எங்கள் கலியாண வீட்டிலும் சாமி தட்டத்திலும் இருப்பது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. தட்டத்தில் வைப்பது வேறு, விடியற்காலைப் பெரட்டில் இருந்து கொழுந்து நிறுக்கும் வரை கன்னத்தில் அதக்கி வைத்திருப்பது வேறு. மலையில் ஏன் போடுகிறோம் என்று எங்களுக்குத் தெரியும். குளிர். பசி. மூன்று மணி நேரம் தொடர்ந்து நின்றபடி பறிக்க வேண்டும், இடையில் தேத்தண்ணிக்கு வழி இல்லை. வெற்றிலை போட்டால் உடம்பு சூடாகிறது, பசி மறக்கிறது, கை ஓடுகிறது. இது பொய்யான உணர்வு இல்லை. பாக்கில் அரெகொலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சேர்ந்ததும் அது வேலை செய்யத் தொடங்குகிறது. மூளையைத் தட்டி எழுப்பும், பசியை அமர்த்தும், பிறகு மறுபடியும் கேட்க வைக்கும். புகையிலையும் சேர்ந்தால் அந்தக் கேட்பு இரண்டு மடங்கு. ஆகவே வெற்றிலை போடுகிறவர்களைக் கெட்ட பழக்கக்காரர் என்று நாங்கள் திட்டப் போவதில்லை. வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் வகுத்தவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985 இலேயே சொன்னது. "நாங்கள் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவர்களுக்கும் 2004 இல் பதில் வந்தது. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூறும், தனிப் பாக்கும் கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அதே முகவரகம் முடிவு சொன்னது. எமது நாட்டில் ஆண்களைப் பிடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் பல ஆண்டுகளாக முன் வரிசையில் நிற்கிறது. வெற்றிலை அதிகம் போடும் தோட்டங்களில் பெண்களுக்கும் அது வருகிறது.

2016 இல் எமது அரசாங்கம் வாயில் போடும் புகையிலைப் பொருட்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் இங்கே பேஸ்லைன் வீதிப் பக்கம் ஒரு கடையில் கேட்டால் என்ன கிடைக்கும், தோட்டத்துச் சில்லறைக் கடையில் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இரவு வேலைக்குப் போகும் தம்பிமார், கடையில் நிற்கும் தம்பிமார், நித்திரை வராமல் இருக்க மாவா, பாபுல் என்று வாயில் போடுகிறார்கள். இனிப்பாக, வாசமாக, சின்னப் பைக்கற்றில் இருப்பதால் அது மிட்டாய் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது பாக்குத்தான். பாட்டி ஐம்பது வயதில் பார்த்த நோயை நீங்கள் முப்பதில் பார்ப்பீர்கள்.

மருந்தடிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சொல். களைக்கொல்லி கலந்த கையோடு வெற்றிலை மடித்து வாயில் போட்டால், மருந்தும் வாய்க்குள் போகிறது. கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் வேலைத் தளத்தில் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

இப்போது மூன்றாவது விடயம், இன்றைய பேச்சின் நடு விடயம்.

பாக்குப் போடும் வாயில் முதலில் வருவது வலி அல்ல. எரிவு. வழக்கமாகச் சாப்பிடும் கட்டச் சம்பல் ஒரு நாள் நெருப்பாக இருக்கும். கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடித்து, நாராகும். பிறகு வாய் முழுதாகத் திறக்காது. இந்த நோய்க்கு முக்கிய காரணம் பாக்கு. இன்னும் சிலருக்கு வெள்ளைத் தழும்பு வரும், துணியால் துடைத்தால் போகாது. சிலருக்குச் சிவப்புத் தழும்பு வரும், அது வெள்ளையை விட ஆபத்து. இவை எல்லாம் புற்றுநோய் இல்லை. ஆனால் சிலருக்குப் புற்றுநோய் இந்த வழியாகத்தான் வரும். இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பாக்கை நிறுத்தி, கிளினிக்கில் பார்த்துக்கொண்டு, உயிரையும் வாயையும் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு.

இந்தக் கட்டத்தில்தான் நாம் உப்புத் தண்ணீரைக் கையில் எடுக்கிறோம். கொப்பளித்தால் எரிவு தணிகிறது. தணிந்ததும் "குறைஞ்சிட்டுது" என்று மலைக்குப் போகிறோம். மறுபடி எரிந்தால் மறுபடி கொப்பளிக்கிறோம். உப்புத் தண்ணீர் பொய் சொல்லவில்லை. எரிவைத் தணிப்பது அதன் வேலை, அதைச் செய்கிறது. தழும்பு அங்கேயே இருக்கிறது. வலி இல்லாத புண் நல்ல புண் என்று நாம் நினைக்கிறோம். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. வலி வந்து, கழுத்தில் கட்டி வந்து, நாக்கு அசையாமல் போன பிறகு வைத்தியசாலைக்குப் போனால், தாடையையும் நாக்கையும் வெட்ட வேண்டி வரும். அப்போதும் உயிர் தங்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே ஒரே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். இரண்டு கிழமை. வாயில் புண்ணோ, தழும்போ, கட்டியோ கண்ட அன்று சுவரில் தொங்கும் கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள், வெற்றிலையை நிறுத்துங்கள். பதினாலாம் நாள் பாருங்கள். ஆறியிருந்தால் சந்தோசம். ஆறவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல் வைத்தியரிடம் போக வேண்டும். பதினைந்தாம் நாளும் உப்புத் தண்ணீரோடு வீட்டில் இருக்க வேண்டாம்.

மாதத்துக்கு ஒரு தடவை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி முன்னால் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். உதட்டைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு கன்னத்தின் உட்புறமும் பாருங்கள், முக்கியமாக வெற்றிலை அதக்கும் பக்கம். நாக்கை நீட்டி இரண்டு ஓரமும், தூக்கி அடிப்பக்கமும் பாருங்கள். அண்ணம், ஈறு பாருங்கள். கழுத்தின் இரு பக்கமும் தடவிப் பாருங்கள். பிறகு உங்கள் சொந்தக் கையின் மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வையுங்கள். மூன்றும் போக வேண்டும். போகாவிட்டால் காட்டுங்கள். கண் மங்கிய பாட்டிக்குப் பேரப்பிள்ளை டோர்ச் அடித்துப் பார்க்கட்டும். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். இதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை.

தேவை இல்லை என்று நாங்கள் சும்மா சொல்லவில்லை. 1980களின் ஆரம்பத்தில் இதே இலங்கையில், கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக வாயைப் பார்க்க வைத்தார்கள். ஆபத்தான தழும்புகளை அவர்களால் அடையாளம் காண முடிந்தது. அந்த ஆய்வு 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. பிறகு கேரளாவில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996 இல் தொடங்கி ஆண்டுக்கணக்காக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அங்கேயும் வைத்தியர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்களே வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். 2005 இல் முடிவு வந்தது. புகையிலை, மது பாவிப்பவர்களிடையே, வாயைப் பார்த்த ஊர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு பார்க்காத ஊர்களை விட மூன்றில் ஒரு பங்கு அளவு குறைவு. விலை உயர்ந்த இயந்திரம் இல்லை. ஒரு வெளிச்சம், இரண்டு கண், பிறகு சரியான இடத்துக்கு அனுப்பும் ஒரு துண்டு.

அப்படியானால் எமது ஆட்கள் ஏன் போவதில்லை? பயம் ஒரு காரணம். "வெட்டிருவாங்க" என்ற பயம். அதைவிடப் பெரிய காரணம் பேர். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் இல்லை. பஸ் காசு, துணைக்கு வருகிறவரின் பேர், மத்தியானச் சாப்பாடு என்று சேர்த்தால், இலவச வைத்தியத்துக்கே ஒரு கிழமைச் செலவு போகிறது. போனால் அங்கே சிங்களத்தில் எழுதித் தருகிறார்கள், எந்த அறை என்று தெரியாது, மறு திகதி எப்போது என்று விளங்காது. ஒரு தடவை போய் அலைந்தவர் மறு தடவை போவதில்லை. எங்கள் பிரிவில் ஒரு தாய், கன்னத்துப் புண்ணோடு நாலு மாதம் மலைக்குப் போனார். காரணம் கேட்டபோது, "மகளுக்குப் பரீட்சை சேர், இந்த மாதம் பேர் கொறையக் கூடாது" என்றார். அந்தத் தாய் மீது எங்களுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கணக்கைப் போட வைத்த நிலைமை மீதுதான் வந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் இருவர் கூட்டிப் போனார்கள். கிளினிக்குக்கு இப்போதும் போய் வருகிறார்.

தோட்டத் தொழிலாளிக்கு வைத்திய வசதி கொடுக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1872 இலும் 1912 இலும், அதற்கென்று கட்டளைச் சட்டம் போட்டார்கள். தொழிலாளி செத்தால் கொழுந்து பறிக்க ஆள் இல்லை என்ற கணக்கில் போட்டார்கள். ஆனாலும் போட்டார்கள். இன்றைக்கும் பல தோட்டத்து மருந்தகங்களில் ஒரு தோட்ட வைத்திய உதவியாளரும் பனடோலும்தான் இருக்கின்றன. நாட்டின் பொதுச் சுகாதார சேவை தோட்டத்து லயம் வரை முழுதாக வர வேண்டும் என்பது நாம் விடாமல் கேட்டு வரும் ஒன்று.

அதோடு சேர்த்து, எமது கமிட்டிகள் தோட்ட நிர்வாகங்களிடமும் சுகாதார அதிகாரிகளிடமும் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை.

ஒன்று, ஆண்டுக்கு ஒரு தடவை பெரட்டுக் களத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ பல் வைத்தியரைக் கொண்டு எல்லோருடைய வாயும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஓய்வு பெற்றவர்களையும் சேர்க்க வேண்டும். பென்சன் எடுத்த பாட்டிமார்தான் அதிகம் வெற்றிலை போட்டவர்கள்.

இரண்டு, வாயில் சந்தேகமான அடையாளம் என்று துண்டு கொடுக்கப்பட்டவருக்கு, வைத்தியசாலைக்குப் போகும் நாளில் பேர் வெட்டப்படக் கூடாது.

மூன்று, வேலைத் தளத்தில் குடிக்கவும் கை, வாய் கழுவவும் சுத்தமான தண்ணீர் வேண்டும். பத்து மணித் தேத்தண்ணிக்கு நேரம் வேண்டும். பசிக்குச் சாப்பாடு கிடைத்தால் வெற்றிலை தானாகக் குறையும்.

நான்கு, தடை செய்யப்பட்ட பைக்கற்றுகள் தோட்டத்துக் கடைகளில், பாடசாலை வாசல்களில் விற்கப்படுவதை நிறுத்த வேண்டும். இதைப் பொலிசுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கத் தோட்டத் தலைவர்மார் தயங்கக் கூடாது.

கடைசியாக, தெமட்டகொடையில் இருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். அதற்காகத்தான் இந்தப் பேச்சை இங்கே வைத்தோம்.

மலைநாட்டு ரயில் இந்தத் தெமட்டகொடை வழியாகத்தான் கொழும்புக்குள் வருகிறது. வீட்டு வேலை, கடை வேலை, கட்டட வேலை, தையல் வேலை என்று நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். அம்மாவும் அப்பாவும் மேலே இருக்கிறார்கள். மாதா மாதம் காசு அனுப்புகிறீர்கள். போனில் பேசும்போது "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறீர்கள். இனிமேல் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "அம்மா, சம்பல் எரியுதா? வாய்ல ஏதாவது புண் இருக்கா? எத்தனை நாளா?" இரண்டு கிழமைக்கு மேல் என்றால் முதலில் பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். மலையகத்து ஆட்களுக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. இங்கே வருவதானால், வோட் பிளேசில் உள்ள தேசிய பல் வைத்தியசாலை உங்களுக்கு எட்டிய தூரம். புற்றுநோய் என்று உறுதியானால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. இவை எல்லாம் அரசாங்க வைத்தியசாலைகள், வைத்தியத்துக்குக் காசு இல்லை.

அவர்களுக்கு இல்லாதது துணை. எந்தப் பஸ், எந்த வாசல், எந்த வரிசை என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குச் சிங்களம் வரும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் விளக்கம் கேட்கும் உரிமை எமக்கு இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறும் தைரியம் ஒரு வயதான தாய்க்குத் தனியாக வராது, மகனோ மகளோ பக்கத்தில் நின்றால் வரும். சொந்த அம்மாவுக்கு மட்டும் இல்லை. பக்கத்து லயத்து மாமி வந்தாலும் ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிப் போங்கள். யார் யாருக்கு எந்தக் கிழமை வசதி என்று இங்கே இருக்கும் பத்துப் பேராவது பெயர் கொடுத்தால், அந்தப் பட்டியலைத் தோட்டக் கமிட்டிகளுக்கு அனுப்பி வைப்போம். படுக்க ஒரு இரவு இடம், சாப்பிட ஒரு பார்சல், கூட வர ஒரு ஆள். இதைத்தான் கேட்கிறோம்.

வெற்றிலையை விடுவது எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஒரே நாளில் விட முடிந்தவர்கள் விடுங்கள். முடியாதவர்கள் முதலில் புகையிலையை எடுங்கள். பிறகு பாக்கைக் குறையுங்கள். இரவு வாயில் அதக்கிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மலைக்குப் போகும்போது பைக்குள் வெற்றிலைக்குப் பதில் கொஞ்சம் அவித்த கடலையோ வறுத்த கச்சானோ கொண்டு போங்கள். கராம்பு ஒன்றை மெல்லலாம். முதல் பத்து நாள் தலை வலிக்கும், எரிச்சல் வரும், கொட்டாவி வரும். வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். விட்டு ஆண்டுகள் போகப் போக ஆபத்துக் குறையும். எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

வாசலில் மாதர் சங்கத்துப் பிள்ளைகள் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். கண்ணாடியும் டோர்ச்சும் இருக்கின்றன. போகும் போது ஒவ்வொருவரும் மூன்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். பெயர் கொடுப்பவர்களுக்குப் பக்கத்திலேயே கொப்பி இருக்கிறது. இந்தத் தாளை வாசிக்கும் தோட்டத் தலைவர்மார், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை உரக்க வாசித்து, நாலு கோரிக்கைகளையும் தீர்மானமாக எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.